அலமாரியில் இல்லாத மாயாவி

இவனுடைய முதல் பொம்மை எந்த ஹீரோ என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போன இடத்தில், ரத வீதிக் கடையொன்றில் ஊதலுக்கும் பலூனுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சிலந்தி வலை. நெஞ்சில் வௌவால். முதுகில் சிவப்புப் போர்வை. மார்வெல், டிசி என்று இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் ஆளுக்கொரு பக்கம் காவல் காத்துவரும் சொத்தை, ஏதோ ஒரு பட்டறைக்காரர் ஒரே அச்சில் ஊற்றி முடித்திருந்தார். "இது யாருண்ணே?" என்று கேட்ட பையனிடம் கடைக்காரர், "பறக்கிற ஆளு தம்பி, வாங்கிக்கோ" என்றார். அதற்குமேல் விசாரிக்க இவனுக்கும் தோன்றவில்லை. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் ஒரு கை கழன்றுவிட்டது.

பறக்கிற ஆட்கள் அப்போது இவனுக்குப் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. இவன் கொண்டாடிய ஆட்கள் வேறு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிவகாசி. தமிழ்நாட்டுப் பையன்களுக்கான சாகசக்காரர்கள் அங்கேதான் அச்சாகிக்கொண்டிருந்தார்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் இதழாகவே இரும்புக்கை மாயாவியை இறக்கியிருந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதை நடத்தத் தொடங்கிய எஸ். விஜயனுக்கு அப்போது வயது பதினேழு என்பது பின்னாளில் தெரிந்தபோது, பள்ளிக்கூடப் பையன்களின் நாடி அந்தப் புத்தகங்களுக்கு எப்படிப் பிடிபட்டது என்ற கேள்விக்கும் இவனுக்கு விடை கிடைத்தது. அதே 1984-இல் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தது. பழைய பேப்பர் கடை, வாடகை நூலகம், அடுத்த தெரு அண்ணன்மார்களின் டிரங்குப் பெட்டி என்று இவனுக்குப் புத்தகம் வந்த வழிகள் பல. காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவை குறைவு.

மாயாவியின் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் போதும், உடம்பு முழுக்க மறைந்துவிடும். கை மட்டும் மறையாது. அந்தரத்தில் மிதந்து வரும் ஒற்றைக் கை, கதவைத் திறக்கும், கழுத்தைப் பிடிக்கும், பிளக் பாயின்ட்டைத் தேடிப் போகும். ராஜபாளையத்தில் கரண்ட் போகிற ராத்திரிகளில் இதைப் படித்தவனுக்கு, மாயாவிக்குக் கரண்ட் கிடைக்குமா என்ற கவலையும் சேர்ந்தே இருந்தது.

இவனும் இவன் சேக்காளிகளும் அந்த ஆட்கள் சிவகாசியிலேயே பிறந்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். உண்மையில் மாயாவி 1962 அக்டோபரில் லண்டன் வார இதழான வேலியண்டில் பிறந்தவன். அவனுக்கு உருவம் கொடுத்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். இரும்பு மனிதன் ஆர்ச்சி இன்னும் மூத்தவன். 1952-இல் லண்டனில் தொடங்கிய லயன் வார இதழின் முதல் இதழிலேயே வந்துவிட்டான். குற்றச் சக்கரவர்த்தியாக இருந்து நல்லவனாக மாறிய ஸ்பைடர் 1965-இல் வந்தான். அந்த ஸ்பைடருக்குப் பிறகு கதை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சூப்பர்மேனை ஒரு படமாகக்கூடப் பார்த்திராத பையன்கள், அவனைப் படைத்தவரின் எழுத்தை மதுரை, விருதுநகர் பஸ் ஸ்டாண்டுகளில் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இவர்களில் ஒருவனுக்கும் இவன் பார்த்த கடைகளில் பொம்மை கிடையாது. லண்டனில் லயன் 1974-இலும் வேலியண்ட் 1976-இலும் நின்றுபோயின. தமிழ்நாட்டில் அவர்கள் உச்சத்தில் இருந்த காலத்தில், பிறந்த ஊரில் அவர்களுக்கு வாராவாரம் வெளிவர ஓர் இதழ்கூட இல்லை. பொம்மை செய்பவன் யாரை நம்பி அச்சு வெட்டுவான்?

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே காமிக்ஸும் பொம்மையும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டே வளர்ந்தார்கள். 1972 முதல் மேகோ கம்பெனி எட்டு அங்குல ஹீரோக்களுக்குத் துணிச் சட்டை தைத்துப் போட்டு விற்றது. 1984-இல் கென்னர் கம்பெனி டிசியின் உரிமத்தைக் கையிலெடுத்து, காலை அமுக்கினால் கை குத்துவிடும் பொம்மைகளைக் கொண்டுவந்தது. போட்டிக்கு மேட்டல் மார்வெலிடம் போனது. பொம்மை விற்கவேண்டுமென்றால் எல்லா ஹீரோக்களும் ஒன்றாக வரும் பெரிய கதை ஒன்று வேண்டும் என்று கேட்டது. பையன்களிடம் விசாரித்துப் பார்த்ததில் 'சீக்ரெட்', 'வார்ஸ்' என்ற இரண்டு சொல்லுக்கும் நல்ல வரவேற்பு இருந்ததால் கதைக்கே 'சீக்ரெட் வார்ஸ்' என்று பெயர் வைத்ததாக, அதை எழுதிய ஜிம் ஷூட்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையின் எட்டாம் இதழில் ஸ்பைடர்மேனுக்குக் கிடைத்த கறுப்பு உடைதான் பிறகு வெனம் என்ற வில்லனாக வளர்ந்தது, அவனுக்குத் தனிச் சினிமாவே வந்துவிட்டது. பொம்மைக் கம்பெனி கேட்டதற்காக எழுதிய கதை என்று இதை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. இவன் அந்தக் கட்சி இல்லை. கூலிக்கு எழுதியதால் கதை கெட்டுப்போகும் என்றால் வாராந்தரத் தொடர்கதை என்ற ஒன்றே உலகத்தில் தேறியிருக்காது.

இவன் கைக்கு உருப்படியான பொம்மை வந்தது சென்னை சித்தப்பா மகன் வழியாக. அது சூப்பர் ஹீரோ இல்லை, ஜி.ஐ.ஜோ என்ற படைவீரன். எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியின் குடும்பத்திலிருந்து 1987-இல் கிளம்பிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வாங்கி அவற்றைச் செய்துகொண்டிருந்தது. மூன்றே முக்கால் அங்குல உயரம். அட்டையின் முதுகில் ஒவ்வொருவனின் ஜாதகமும் அச்சிட்டிருக்கும்: பெயர், ஊர், படையில் என்ன வேலை என்று. அந்த ஜாதகங்களை எழுதிய லாரி ஹாமாதான் மார்வெலில் 1982 முதல் ஜி.ஐ.ஜோ காமிக்ஸும் எழுதினார். ஆக, பொம்மையோடு ஒரு குட்டிக் கதையும் வந்தது. இவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பொம்மையின் உடற்கூறு இவனுக்கு அத்துபடி. முதுகில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று, மேலே உடம்பையும் கீழே கால்களை மாட்டிய கொக்கியையும் இழுத்துப் பிடித்திருக்கும். இடுப்பு அத்தனை பக்கமும் சுழல்வதற்கு அதுதான் காரணம். வெயிலில் அந்த வளையம் இற்றுப்போய் ஒருநாள் பட்டென்று அறும். வீரன் இரண்டு துண்டாக விழுவான். சைக்கிள் கடையில் கேட்டால் வால்டியூப் துண்டு சும்மாவே தருவார்கள். அதை நறுக்கி, முடிச்சுப் போட்டு, கொக்கியில் மாட்டித் திருகாணியை இறுக்கினால் ஆள் எழுந்து நிற்பான், கொஞ்சம் விறைப்பாக. இவன் அலமாரியில் இன்று இருப்பவர்களில் ஒருவனுக்கு இடுப்பில் ராஜபாளையம் வால்டியூப்தான்.

அந்தப் பொம்மைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது இவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தியாவில் ஊற்றியபோது நிறங்கள் மாறியிருந்தன. ஒருவன் தலை இன்னொருவன் உடம்பில் ஏறியிருந்தது. அமெரிக்காவில் என்றோ கடையைவிட்டுப் போனவர்கள் இங்கே வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். அங்கே அது அபூர்வம். இங்கே பையன்கள் மண்ணில் புதைத்து விளையாடியது.

வேலைக்காக இவன் சென்னை வந்தபோது புது நூற்றாண்டு தொடங்கியிருந்தது. அப்போது நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க் புத்தகக் கடையில் ஆங்கில கிராஃபிக் நாவல்களை நின்றுகொண்டே படிக்க முடிந்தது. விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடவும் முடிந்தது. யாரும் எதுவும் சொன்னதில்லை. பொம்மைக்கு வேறு வழி இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆன்சைட் போய் வருபவர்களின் சூட்கேஸ். டாய் பிஸ் கம்பெனி 2002-இல் மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசையைத் தொடங்கியது. ஆறு அங்குல அளவு, முழங்கை, முழங்கால், கணுக்கால் என்று மடங்கும் மூட்டுகள், கூடவே ஒரு காமிக்ஸ் இதழ். முதல் தொகுதியில் கேப்டன் அமெரிக்கா, அயர்ன்மேன், ஹல்க், டோட். இவன் கேட்டது ஹல்க்கை. நண்பன் கொண்டுவந்தது டோட். "கடையில அதுதான்டா தொங்கிட்டிருந்துச்சு" என்றான், கையில் சாக்லேட்டையும் திணித்து. தவளை மாதிரிக் குந்தியிருக்கும் மூன்றாந்தர வில்லன். அவனிடமிருந்து தொடங்கியது இவனுடைய மார்வெல் சேகரிப்பு. இந்த உலகத்தில் உனக்குப் பிடித்தவன் வேறு, கடையில் தொங்குபவன் வேறு. தொங்குபவனைத்தான் நீ வாங்குவாய்.

கம்பெனிகளுக்கும் அது நன்றாகத் தெரியும். 2005-இல் ஒரு தொகுதியின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கேலக்டஸின் ஒரு கையோ காலோ தலையோ போட்டு விற்றார்கள். உலகங்களையே விழுங்கும் அந்தப் பூதத்தை முழுசாக நிறுத்தவேண்டுமானால் வேண்டாதவர்களையும் சேர்த்து எல்லோரையும் வாங்கியாகவேண்டும். இவனிடம் நெடுங்காலம் கேலக்டஸின் இடது கால் மட்டும் இருந்தது.

பர்மா பஜாரில் வேறு விதமான கல்வி. கடற்கரை ஸ்டேஷன் எதிரே உள்ள அந்த வரிசைக் கடைகளில் ஒன்றில், "ஒரிஜினல் சார், கப்பல்ல வந்தது" என்று நீட்டுவார்கள். நம்பாமல் நம்பிக் கையில் வாங்கி, முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அசலில் கம்பெனி பெயரும் வருஷமும் நாடும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். போலியில் அந்த இடம் மொழுக்கென்றிருக்கும், அல்லது எழுத்து கலங்கிப் பாதி தெரியும். அசலை வைத்து அச்செடுத்து அதில் ஊற்றியதால் ஆளும் ஒரு சுற்று சிறுத்திருப்பான். அடுத்தது கண். அசலில் கருவிழி நேராகப் பார்க்கும். போலியில் ஒரு கண் கடலையும் ஒரு கண் கோட்டையையும் பார்க்கும். அப்புறம் மூக்கு, அதாவது நம்முடையது. பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை தூக்கினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். இவன் சிலவற்றைத் தெரிந்தே வாங்கியிருக்கிறான். பச்சை நிற ஸ்பைடர்மேன் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

சேர்த்தவற்றைச் சென்னையில் காப்பாற்றுவது தனி வேலை. இளகிய பிளாஸ்டிக்குக்குள் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் கசிந்து மேலே வரும். மே மாதம் கண்ணாடி அலமாரியைத் திறந்தால் பேட்மேனின் போர்வை விரலில் ஒட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, காற்று போகிற மாதிரிக் கதவை லேசாகத் திறந்து வைக்கவேண்டும். திறந்து வைத்தால் தூசி வரும். புதுப் பெட்டியிலிருந்து வரும் ஆளுக்கு முழங்கால் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு மடங்காது. பலம் போட்டால் உள்ளே இருக்கும் ஆணி முறியும். கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் அந்தக் காலை ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் 'டிக்' என்று விடும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறானோ என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா ராஜபாளையத்திலிருந்து வந்து தங்கியபோது நவராத்திரிக்குக் கொலு வைத்தார். பண்ருட்டி பொம்மைகளுக்குக் கீழே பார்க் அமைக்க ஆள் பற்றவில்லை. "ஒம் பொம்மைல அடக்கமா இருக்கறவனா நாலு பேர குடுடா" என்றார். ஹல்க் தேறவில்லை. கேப்டன் அமெரிக்கா கேடயத்தோடு போலீஸ்காரராகப் போய் நின்றார். சுண்டலுக்கு வந்த குழந்தைகள் தசாவதாரத்தை விட்டுவிட்டு அவரையே சுற்றி நின்றன என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் இவனுடைய ஜாபர்கான்பேட்டை வீட்டின் தரைத்தளத்துக்குள் வந்து போனது. ஆறு வடிந்தபின் பொம்மைகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், டெட்டால் கலந்த பக்கெட்டில் ஒவ்வொருவராகக் குளிப்பாட்டி வரிசையாக வெயிலில் நிறுத்தியாயிற்று. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த முத்து, லயன், ராணி எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தன. பத்திரிகைத் தாளில் அச்சான புத்தகங்கள். தண்ணீர் குடித்து வீங்கி, பின் துருவேறி, ஒன்றின் அட்டை இன்னொன்றின் முதுகில் ஒட்டியிருந்தது. பிரிக்கப் பார்த்தால் நடுவில் கிழிந்தது. பல வருஷ ராமபாணப் பூச்சிக்குத் தப்பியவை அவை. காப்பீடு, நிவாரணம் எதிலும் அந்தப் பட்டியலுக்கு இடமில்லை. சிவகாசி மறுபதிப்புப் போட்ட மாயாவிகளைப் பிறகு வாங்கினான். வழவழப்பான தாள், நல்ல அச்சு. பழைய புத்தகத்தின் ஓரத்தில் யாரோ ஒரு அண்ணன் பேனாவால் எழுதியிருந்த 'இதைத் திருடுபவன் கை இரும்பாகட்டும்' மட்டும் அதில் இல்லை.

சேகரிப்பவனுக்கு அறிவு வருவது கடையிலிருந்து அல்ல, சட்டத்திலிருந்து. அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொம்மைகளில் மனித உருவத்துக்கு 12 சதவீதம் வரி, மற்றவற்றுக்கு 6.8 சதவீதம் என்று ஒரு காலத்தில் இருந்தது. எக்ஸ்-மென் ஆட்கள் மனிதர்களே அல்ல, ஆகவே குறைந்த வரிதான் என்று மார்வெலின் சொந்தக் கம்பெனியே வழக்காடி, 2003-இல் ஜெயித்தும் காட்டியது. அவர்களும் மனிதர்கள்தான் என்று 1963 முதல் அதே மார்வெல்தான் கதை விற்றுக்கொண்டிருந்தது. வரிச் சலுகை என்று வந்துவிட்டால் வுல்வரினாவது சைக்ளாப்ஸாவது.

இன்னொன்று ஃபங்கோ பாப். பெரிய தலை, கறுப்புக் கண், 2010-இல் வந்தவை. அவற்றில் மார்வெல் ஆட்களின் தலை தஞ்சாவூர் பொம்மையாக ஆடும். டிசி ஆட்களின் தலை ஆடாது. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. மார்வெலின் ஆக்‌ஷன் ஃபிகர் உரிமம் ஹாஸ்ப்ரோ கையில் இருக்கிறது. தலையாட்டி பொம்மை வேறு ரகம் என்பதால் தலைக்குக் கீழே ஒரு ஸ்பிரிங். அந்த ஃபங்கோவே 2023-இல், கிடங்கில் தேங்கிய மூன்று கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது. 'முதலீடு' என்று சொல்லிப் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்த நண்பர்கள் அன்றைக்கு இவனிடம் அதிகம் பேசவில்லை.

இந்தியப் பக்கம் வந்தால், பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குத் தாவியது, 2023-இல் 70. நடுவே 2021 ஜனவரி முதல், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குழந்தைகளின் பாதுகாப்புக்கு நல்ல சட்டம்தான். ஆனால் நாற்பது வயதுக்காரர் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டப்போகும் சிலையும் அதே வாசலில்தான் வந்து நிற்கிறது. இவன் தருவித்த பார்சல் ஒன்று விமான நிலையத்தோடு நின்றுபோனது. "பொம்மையா, அலங்காரப் பொருளா சார்?" என்று கூரியர் ஆபீஸிலிருந்து கேட்டார்கள். "சிலை" என்றான். "என்ன சாமி?" என்றார் மறுமுனையில் இருந்தவர், உண்மையான அக்கறையோடு. பார்சல் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

இந்த நோவையெல்லாம் பங்குபோட ஆட்கள் கிடைத்தது காமிக் கானில். ஜதின் வர்மா 2011 பிப்ரவரியில் டெல்லி ஹாட்டில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, அடுத்த ஆண்டே பெங்களூருக்கு வந்தது. சென்னைக்காரர்களுக்குப் பக்கத்துக் கல்யாண வீடு அதுதான். காலை ரயிலில் ஏறி கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினால், வைட்ஃபீல்டு அரங்கம் எட்டும் தூரம். திரும்பும்போது மேல் பெர்த் முழுக்கப் பெட்டிகள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், "எந்த ஊர்ல சார் கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஹோலி கவ், யாளி ட்ரீம் கிரியேஷன்ஸ் போன்ற இந்தியப் பதிப்பகங்களின் மேஜையில் வரைந்தவரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத் தருவார். இவனுக்குப் பிடித்த மூலை அது. பெரிய கடைகளில் விலை வெளியில் உள்ளதுதான், கூட்டம்தான் அதிகம்.

சென்னைக்கு அது 2024 பிப்ரவரி 17, 18-இல் வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையம். வாசலில் வேடம் போட்டு வந்தவர்களின் வாளையும் துப்பாக்கியையும் தட்டிப் பார்த்து உள்ளே விட்டார்கள். எல்லாம் ஃபோம் ஷீட்டை ஹீட் கன்னால் வளைத்து, ஃபெவிகால் வகையறா ஒட்டி, பெயின்ட் அடித்தவை. ஒரு அயர்ன்மேன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அம்மா கையால் மோர் குடித்துக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாததால் அவரால் உட்கார முடியவில்லை. அம்மாதான் ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

உள்ளே போனதும் ஒன்று விளங்கிற்று. கூட்டம் சூப்பர் ஹீரோக்களுக்காக வந்திருக்கவில்லை. நருட்டோ நெற்றிப்பட்டைகளும் ஒன் பீஸ் வைக்கோல் தொப்பிகளும் டீமன் ஸ்லேயர் கட்டம் போட்ட அங்கிகளும் அரங்கை நிறைத்திருந்தன. சூப்பர்மேன் ஒரு ஓரமாக நின்று, கேட்டவர்களோடு மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவன் கூட்டி வந்திருந்த மச்சினர் மகள், "மாமா, நீங்க யார வாங்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாள் விற்கும் கடைக்கு ஓடிவிட்டாள். இவன் கடை கடையாக ஏறி இறங்கினான். மாயாவியும் ஆர்ச்சியும் எந்தத் தட்டிலும் கண்ணில் படவில்லை. கேட்டதற்கு ஒரு கடைப் பையன் போனில் தேடிப் பார்த்து, "இது எந்த அனிமே சார்?" என்றான்.

மாயாவியைத் தெரிந்தவர்கள் கூடுவது வேறு இடம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன், முத்து வாசகர்கள் அங்கே சந்திப்பார்கள். வேடம் கிடையாது, ஒலிபெருக்கி ஆர்ப்பாட்டம் கிடையாது. வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துணிப்பை. வங்கி ஊழியர், வாத்தியார், பனியன் கம்பெனி மேலாளர் என்று நரைத்த தலைகள். ஒருவரை ஒருவர் "நண்பரே" என்று விளிப்பார்கள். சிறப்பிதழ் வெளியானதும் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பி அடுத்த அறிவிப்பு என்ன என்று பார்ப்பார்கள். பிறகு சண்டை தொடங்கும். ஆசிரியர் விஜயனை வைத்துக்கொண்டே, மாயாவி மறுபதிப்பு போதாது என்று ஒரு கட்சி. பழசையே எத்தனை நாள் அரைப்பது, புது கிராஃபிக் நாவல் போடுங்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவே, கௌபாய் டெக்ஸ் வில்லர் இல்லாத மாதம் ஒரு மாதமா என்று மூன்றாவது கட்சி. மதியச் சாப்பாடு வரைக்கும் ஓடும். நந்தம்பாக்கத்தில் இவன் வேடிக்கை பார்த்தவன். இங்கே இவனுக்கு ஓட்டு உண்டு.

அப்படி ஒரு ஆகஸ்டில் டீக்கடை வாசலில் வைத்துத்தான் பேச்சு வந்தது. கோவைக்காரர் ஒருவர் ரெசின் பிரிண்டர் வாங்கியிருந்தார். மாயாவியை நாமே அடித்துக்கொண்டால் என்ன? விற்க முடியாது, மாயாவியின் உரிமை 2018 முதல் இங்கிலாந்தின் ரெபெலியன் கம்பெனியிடம் இருக்கிறது. நம் அலமாரிக்கு மட்டும், ஆளுக்கு ஒன்று. உடனே தகராறு கிளம்பியது. எந்த மாயாவி? பிளாஸ்கோ வரைந்த விரல் கணுக்களா, சிவகாசி அட்டைப்படத்து விரல்களா? பின்னாளில் விரலுக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டானே, அந்தக் கையா, ஆரம்பகாலக் கையா? கோட்டு போட்டு முழு ஆளாக நிறுத்துவதா, மறைந்த நிலையிலா?

"மறைஞ்ச நிலைதான் மாயாவி" என்றார் கோவைக்காரர். "ஒரு ஸ்டாண்டு, அது மேல வலது கை. அவ்வளவுதான்."

"அப்ப ஆள் எங்க நண்பரே?" என்றார் சேலத்திலிருந்து வந்த பெரியவர்.

"ஆள் இருக்காருங்க. கண்ணுக்குத் தெரியாது."

பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஆளே தெரியாதுன்னா, ரெசின் காசு கைக்கு மட்டும்தானே?"

கோவைக்காரர் ஸ்டாண்டுக்குத் தனி விலை சொன்னார். அது இன்னும் படியவில்லை.